மேட்டு நிலத்து வாடலும் வயல் சேறும்

கத்தரிச் செடி மத்தியானத்தில் தொய்ந்து, வெயில் தாழ்ந்ததும் நிமிர்ந்தால், தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மோட்டரைப் போடுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் அநேகர். இரண்டு மூன்று நாள் அப்படித் தொய்வதும் நிமிர்வதுமாக இருக்கும். பிறகு ஒரு காலையில் நிமிராது. இலை பழுத்திருக்காது, புள்ளி விழுந்திருக்காது, பச்சையாகவே தொங்கும். அதற்குள் விட்ட தண்ணீர் அந்தச் செடியின் வேரைக் கழுவி, வரிசையில் கீழே நிற்கிற எல்லாச் செடிகளுக்கும் நோயைக் கொண்டுபோயிருக்கும்.

இப்படி ஒரு செடியை யாராவது என்னிடம் கொண்டுவந்தால், முதலில் அடித்தண்டில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டுவேன். கண்ணாடிக் கிளாசில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டிய முனை தண்ணீரில் படும்படி துண்டை அசையாமல் பிடிப்பேன். பக்டீரியா வாடல் என்றால் சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்நூல் போல வெள்ளையாக ஒன்று கீழே இறங்கும். தண்டின் நீர்க்குழாய்களை அடைத்துக்கொண்டிருந்த ரால்ஸ்டோனியா பக்டீரியாக் கூட்டம் அது. எர்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் 1896இலேயே இந்தப் பக்டீரியாவை விவரித்து எழுதிவிட்டார். இன்றுவரை அதற்கு ஊற்றிக் குணமாக்கும் மருந்து கிடையாது. நூல் இறங்குவதைக் கண்ணால் பார்த்த விவசாயி அன்றைக்கு மருந்துக் கடைக்குப் போகமாட்டார். அந்தக் கிளாஸ் தண்ணீரால் எத்தனையோ குடும்பங்களின் காசு மிஞ்சியிருக்கிறது.

நூல் இறங்காவிட்டால் வேறு காரணம் தேடவேண்டும். தண்டும் மண்ணும் சேருமிடத்தில் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்து, அதில் கடுகளவு மண்ணிறக் குண்டுமணிகள் இருந்தால் அது ஸ்க்லரோட்டியம். மிளகாயில் அதிகம். ஒரு பக்கத்து இலைகள் மட்டும் முதலில் மஞ்சளித்து, தண்டைப் பிளந்தால் உள்ளே மண்ணிறக் கோடு ஓடினால் பியூசேரியம். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் வட்டப்புழு. வட்டப்புழு குடைந்த காயத்தின் வழியாகவும் ரால்ஸ்டோனியா உள்ளே நுழைகிறது என்பதால், இரண்டும் ஒரே செடியில் இருப்பது சாதாரணம். எதற்கு எது என்று பிரித்துப் பார்க்காமல் எல்லா வாடலுக்கும் ஒரே போத்தலை வாங்கி ஊற்றுவது எங்கள் ஊரில் இன்னும் ஓயவில்லை.

எங்கள் ஊர் வஹகோட்டை. மாத்தளை மாவட்டத்தில், கலேவெலப் பக்கம். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊரை அந்தோனியார் கோயிலால்தான் தெரியும். கண்டி அரசர் காலத்தில் குடியேற்றப்பட்ட போர்த்துக்கேயரின் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் இன்றும் இங்கே இருக்கின்றன. ஜூன் மாதத் திருவிழாவுக்குத் தமிழரும் சிங்களவருமாக நாடெங்கிலுமிருந்து சனம் வரும். எனக்கு அந்த ஊர் வேறு விதமாகவும் தெரியும்: மேலே மேட்டு நிலம், கீழே வயல், நடுவில் ஒரு வாய்க்கால், ஆங்காங்கே விவசாயக் கிணறு. மேட்டில் கத்தரி, மிளகாய், தக்காளி, பயற்றங்காய். வயலில் பெரும்போகத்துக்கு நெல், சிறுபோகத்துக்குப் பெரிய வெங்காயமோ மரக்கறியோ. நான் கன்று வளர்த்து விற்பவன். பத்து வீட்டுத் தோட்டங்களின் நோய் என் நாற்றுமேடையில் தொடங்கலாம், அங்கேயே நிற்கவும் செய்யலாம். இந்தத் தொழிலில் என்னைப் பயப்படுத்துவதும் அதுதான், பிடித்துவைத்திருப்பதும் அதுதான்.

தம்புள்ளையில் பொருளாதார மத்திய நிலையம் வந்தபிறகு எங்கள் மேட்டு நிலங்களுக்கு ஓய்வு போய்விட்டது. அதற்கு முன்பு ஒரு போகம் கத்தரி வைத்தால் அடுத்த போகம் எள்ளோ சோளமோ விதைப்பார்கள், அல்லது சும்மா விடுவார்கள். கையெட்டும் தூரத்தில் சந்தை, இரவிலும் லொறி, விவசாயக் கிணற்றில் வருடம் முழுக்கத் தண்ணீர் என்றான பிறகு, கத்தரி பிடுங்கிய குழியிலேயே தக்காளி, தக்காளி பிடுங்கிய குழியிலேயே மிளகாய் என்று நட ஆரம்பித்தார்கள். மூன்றும் ஒரே குடும்பப் பயிர். ரால்ஸ்டோனியாவுக்கு அதில் பட்டினி என்பதே இல்லை. விலை நன்றாக இருந்த வருடங்களில் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. வரிசைக்கு ஒன்றிரண்டு செடி செத்தால் 'போனால் போகட்டும்' என்றார்கள். பிறகு பாதி வரிசை போனது. சில மேட்டு நிலங்களில் இப்போது கத்தரி பூப்பதற்கு முன்பே படுத்துவிடுகிறது. சந்தையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அது எங்களுக்குச் சோறு போட்டது. ஆனால் அதன் வேகத்துக்கு ஈடுகொடுத்த செலவு மண்ணின் கணக்கில் ஏறியிருக்கிறது.

என் அப்பா ரத்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் நாற்றுமேடை வேலை பார்த்தவர். தேயிலைக்கும் வேரில் வட்டப்புழு உண்டு. அதில் ஒரு வகைக்கு, இலங்கைத் தேயிலையில் வட்டப்புழுவை ஆராய்ந்த லூஸ் என்பவரின் பெயரையே 1960இல் வைத்தார்கள். நாற்றுப் பைக்குப் போடும் மண்ணைக் குவித்து, மேலே பொலித்தீன் விரித்து, ஓரமெல்லாம் மண் போட்டு அடைத்து, உள்ளே மெதைல் புரோமைட் டின்னைத் திறப்பார்களாம். அந்த வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காகக் குளோரோபிக்ரினைக் கொஞ்சம் கலப்பார்கள். அது முதலாம் உலகப் போரில் பயன்பட்ட கண்ணீர்ப் புகை. "கண்ணு எரிஞ்சா ஓடிரணும், அதுக்குத்தான் அத போட்டிருக்கானுங்க" என்று அப்பா சொல்வார். மூடிய மண்ணில் அதற்குப் பிறகு அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. புழு, பங்கசு, பக்டீரியா, களை விதை, மண்புழு எல்லாம் போய்விடும்.

அதே வாயுவை ஒரு பெரிய தொழிலாகவே ஆக்கியவர்கள் கலிபோர்னியாவின் ஸ்ட்ரோபெரிக்காரர்கள். ஸ்ட்ரோபெரி வேர் மென்மையானது. வெர்ட்டிசில்லியம் வாடல், அடித்தண்டை அழுக்கும் பைட்டோப்தோரா எல்லாம் மண்ணிலிருந்தே ஏறும். 1960களிலிருந்து அவர்கள் ஒவ்வொரு நடுகைக்கு முன்பும் முழு வயலையும் பொலித்தீனால் மூடி, மெதைல் புரோமைட்டும் குளோரோபிக்ரினும் சேர்த்துச் செலுத்தினார்கள். ஒரே நிலத்தில் வருடா வருடம் ஸ்ட்ரோபெரி நட்டாலும் காய்த்தது. பயிர் மாற்றவேண்டும் என்ற நினைப்பே அங்கே தேவைப்படவில்லை. அந்தப் புரோமின் மேலே போய் ஓசோன் படலத்தைத் தின்கிறது என்று தெரிந்தபிறகு, 1987இன் மொன்ட்ரியல் உடன்படிக்கைப் பட்டியலில் 1992இல் இதையும் சேர்த்தார்கள். பணக்கார நாடுகள் 2005இலும், எங்களைப் போன்ற நாடுகள் 2015இலும் விவசாய மண்ணுக்கு இதைக் கைவிடவேண்டும் என்று ஏற்பாடு. எங்கள் தேயிலைத் துறையும் விட்டது. கலிபோர்னியா ஸ்ட்ரோபெரிக்கு விதிவிலக்குக் கேட்டுக் கேட்டு 2016 வரை இழுத்தார்கள். வாயுவைக் குறைத்த அந்த வருடங்களில் அதற்கு முன்பு பெரிதாகத் தலைகாட்டாத கரியழுகலும் பியூசேரியம் வாடலும் அந்த வயல்களில் கிளம்பின.

நுவரெலியாவில் ஸ்ட்ரோபெரிக் கூடாரமொன்றில் வேலை செய்யும் என் மச்சான் ஒருமுறை அந்தோனியார் திருவிழாவுக்கு வந்திருந்தான். என் நாற்றுமேடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நீங்க இன்னும் மண்ணோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கீங்களே. எங்க பக்கம் மண்ண கைவிட்டாச்சு மச்சான். பைல தும்புத்தூள போட்டு, குழாய்ல பசள தண்ணி. செத்துச்சுன்னா பையோட தூக்கி வீசுறதுதான்" என்றான். அது நல்ல வழிதான். ஒரு பையில் வந்த அழுகல் அடுத்த பைக்கு எளிதில் போகாது. கூடாரத்துக்குள் விற்கிற விலைக்கு அந்தச் செலவு கட்டும். தும்புத்தூள் தட்டில் கன்று வளர்ப்பதை நான் அவன் சொல்லித்தான் பெரிய அளவில் தொடங்கினேன். ஆனால் கத்தரிக்காய் கிலோவுக்குக் கிடைக்கிற விலையில் எங்கள் ஊரில் யாரும் மண்ணைக் கைவிட முடியாது. மண்ணோடுதான் வாழவேண்டும்.

மெதைல் புரோமைட் போனபிறகு ஸ்ட்ரோபெரிக்காரர்கள் பிடித்துக்கொண்ட வழிகளில் ஒன்று என் மனதை விட்டு நீங்கவேயில்லை. அரிசித் தவிட்டை மண்ணில் கலந்து, மண்ணை நிரம்ப நனைத்து, பொலித்தீனால் இறுக்கி மூடி, மூன்று வாரம் விடுகிறார்கள். ஏறக்குறைய 2000ஆம் ஆண்டளவில் ஜப்பானிலும் நெதர்லாந்திலும் தனித்தனியாகக் கண்டுபிடித்த முறை இது. ஜப்பானில் சதுர மீற்றருக்கு 1 கிலோ தவிடு போடுவார்கள், கலிபோர்னியாவில் 2 கிலோ வரை. மண்ணிலுள்ள கிருமிகள் தவிட்டைத் தின்னும் வேகத்தில் மண்ணுக்குள் இருக்கும் காற்றின் ஒட்சிசன் முழுவதையும் தீர்த்துவிடும். அதற்குப் பிறகு காற்றில்லாமல் வாழும் வேறு கிருமிகள் பெருகும். அவை விடும் அசெற்றிக் அமிலமும் பியூட்ரிக் அமிலமும், மண்ணில் கரைந்து வெளிவரும் இரும்பும் சேர்ந்து நோய்க்கிருமியை அழிக்கும். எல்லாமே செத்துப்போவதில்லை, கிருமிக் கூட்டத்தின் ஆள் மாறுகிறது. வாயு போட்ட மண்ணுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதில்தான் இருக்கிறது. வாயு போட்ட மண் வெறுமையான வீடு, யார் முதலில் நுழைகிறார்களோ அவர்களுக்குச் சொந்தம்.

எங்கள் விவசாயப் போதனாசிரியர் அம்மாவும் நானும் பேசி, நாற்றுமேடையில் ஒரு பாத்திக்கு அதைச் செய்து பார்த்தோம். எங்கள் பக்கம் மண் சூடானது. 30 பாகைக்கு மேல் மண் வெப்பம் இருந்தால் இந்த வேலை விரைவாக நடக்கும் என்று ஜப்பானியர் சொல்வதற்கு வஹகோட்டை மண் தாராளமாகப் பொருந்தும். ஒரு வாரத்துக்குள்ளேயே பொலித்தீன் ஓரத்திலிருந்து புளித்த வாடை வந்தது. மூடியைத் திறந்த அன்று மண் சாம்பல் நிறமாக இருந்தது. பக்கத்து வயல்காரப் பெரியவர் வந்து நின்றார். எண்பதைத் தொட்டவர், சிங்களவர், தமிழும் பேசுவார். ஒரு பிடி மண்ணை எடுத்து மூக்கருகே வைத்து, "தம்பி, இது வயல் மண்தானே. பெரும்போகத்துல உழுத அன்னைக்கு வர்ற வாசம்" என்றார்.

அவர் சொன்னது வெறும் வாசத்தைப் பற்றியில்லை என்பது எனக்குப் பிறகுதான் முழுவதுமாக விளங்கியது. பெரும்போகத்தில் எங்கள் வயலில் தண்ணீர் நிற்கும்போது நடப்பதும் இதுவேதான். வைக்கோலும் தாளும் சேற்றில் மடிகின்றன, தண்ணீர் காற்றை அடைக்கிறது, ஓரிரு நாளில் ஒட்சிசன் தீர்கிறது, பிறகு இரும்பு கரைந்து மண் சாம்பல் நிறமாகிறது. அந்த நிலையில் மண் மாதக்கணக்காகக் கிடக்கிறது. கத்தரி வேர் கிடைக்காத வட்டப்புழுக் குஞ்சு பட்டினியிலும் மூச்சுத் திணறலிலும் சாகிறது. ஸ்க்லரோட்டியத்தின் கடுகு மணிகள் அழுகுகின்றன. ரால்ஸ்டோனியாவும் குறைந்துபோகிறது. கலிபோர்னியாவில் தவிட்டுக்கும் பொலித்தீனுக்கும் காசு கொடுத்துச் செய்கிற வைத்தியத்தை எங்கள் வயல் நெல்லும் கொடுத்துச் செய்கிறது. நெல் போட்ட வயலில் சிறுபோகத்துக்கு வைத்த கத்தரியில் வாடல் குறைவு என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருந்தும், அதை வயலின் ஈரத்துக்கும் வளத்துக்கும் கணக்கு வைத்திருந்தவர்கள்தான் அதிகம்.

அதனால் மேட்டில் கத்தரி படுத்துப்போன யார் வந்தாலும், வயல் இருக்கிறதா என்று முதலில் கேட்பேன். இருந்தால், பெரும்போக நெல்லை அறுத்தபிறகு சிறுபோகத்துக்கு அங்கே மரக்கறியை வைக்கச் சொல்வேன். மேட்டில் அந்த நேரம் சோளம். வயலில் மரக்கறி வைப்பதற்கென்று ஒரு ஒழுங்கு உண்டு. பாத்தியை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரும்படி உயர்த்தவேண்டும். தண்ணீர் தேங்கினால் ரால்ஸ்டோனியாவிடமிருந்து தப்பிய வேரைப் பித்தியம் அழுக்கிவிடும். இன்னொன்றும் இருக்கிறது, அதைப் பலர் பார்ப்பதில்லை: வயலுக்கு வரும் வாய்க்கால், மேலே வாடிய கத்தரித் தோட்டத்தைக் கழுவிக்கொண்டு வருகிறதா என்று. வருகிறதென்றால் நான்கு மாதச் சேறு சுத்தமாக்கிய வயலுக்குள் முதல் நாளே நோயை ஊற்றிக்கொள்கிறோம். அப்படிப்பட்ட இடத்தில் கிணற்றுத் தண்ணீரே நல்லது.

வயல் இல்லாதவர்கள் நிலைமை வேறு. ஒரு ஏக்கர் என்றால் கிட்டத்தட்ட 4000 சதுர மீற்றர். ஜப்பான் கணக்கில் 4 தொன் தவிடு, கலிபோர்னியாக் கணக்கில் 8 தொன். கோழிப் பண்ணைக்காரரோடும் மாட்டுக்காரரோடும் போட்டி போட்டு அவ்வளவு தவிட்டை வாங்கிக் கத்தரி வைத்து யாரும் மீளமுடியாது. தவிட்டு முறையை நான் நாற்றுமேடைக்கும் சிறிய கூடாரத்துக்கும் மட்டும் சொல்வேன். மேட்டு நிலத்துக்குப் பயிர் மாற்றம்தான் வழி. அதிலும் எந்த நோய்க்கு எந்தப் பயிர் என்று பார்க்கவேண்டும். கச்சான் வேர்முடிச்சுப் புழுவை அடக்கும், ஆனால் ரால்ஸ்டோனியாவுக்கு அதுவும் ஒரு வீடு. சோளம் ரால்ஸ்டோனியாவைப் பட்டினி போடும், வட்டப்புழுவை முழுதாக நிறுத்தாது. வேலியோரத்தில் கறிக்கென்று விட்டுவைக்கிற மணத்தக்காளியும் ரால்ஸ்டோனியாவை வைத்துக் காப்பாற்றும் செடி. பயிரை மாற்றிவிட்டு அதை அப்படியே விட்டால் மாற்றியதில் பாதி வீண். இதைச் சொன்னால் வீட்டுப் பெண்களுக்குக் கோபம் வரும், எனக்கும் அந்தக் கீரை பிடிக்கும்தான். வாடல் வந்த நிலத்தின் ஓரத்திலாவது அதைப் பிடுங்கிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

நாற்றுமேடைக்கு வருகிறேன். எங்கள் ஊரில் காலங்காலமாகச் செய்வது உமி சுடுவது. பாத்தியைக் கொத்திச் சமப்படுத்தி, மேலே வைக்கோலும் உமியுமாக அடுக்கி, காற்று வீசும் திசைக்கு எதிராகத் தீ நகரும்படி ஒரு முனையில் வைப்பார்கள். தீ பாய்ந்தால் மேலே மட்டும் எரியும். புகைந்து புகைந்து நகர்ந்தால்தான் சூடு கீழே இறங்கும். அதற்காகவே வைக்கோல் குறைவாக, உமி அதிகமாகப் போடவேண்டும். அந்தச் சூடு சில அங்குலம்தான் போகும். நாற்றழுகலைத் தரும் பித்தியமும் ரைசொக்டோனியாவும் அந்த மேல்மண்ணில்தான் இருக்கின்றன என்பதால் கன்றுப் பருவத்துக்கு அது போதும்.

வெயிலுக்கு மூடுவது அதைவிட ஆழமாக வேலை செய்யும். இஸ்ரேலில் கட்டான் என்ற ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1976இல் எழுதிய பிறகு உலகமெங்கும் பரவிய முறை. பொலித்தீன் தெளிவானதாக இருக்கவேண்டும். கறுப்புப் பொலித்தீன் வெயிலைத் தானே குடித்துக்கொள்ளும், மண்ணுக்கு அவ்வளவாகக் கொடுக்காது. களைக்கென்று வாங்கிய கறுப்பையே விரித்துவிட்டுப் பலன் இல்லை என்கிறவர்கள் நிறைய. மண் ஈரமாக இருக்கவேண்டும், ஈர மண்ணில்தான் சூடு ஓடும். உறங்கும் வித்திகளும் ஈரத்தில்தான் விழித்துச் சூட்டுக்கு அகப்படும். நான்கு முதல் ஆறு வாரம் அப்படியே கிடக்கவேண்டும். எங்கள் பக்கம் பெப்ரவரி, மார்ச் வெயில் நல்லது. ஜூலை, ஓகஸ்டில் வெயில் இருந்தாலும் காற்று பொலித்தீனைக் கிழித்துவிடும், ஓரத்தைச் சாண் ஆழம் புதைத்தால்தான் நிற்கும். திறந்தபிறகு ஆழக் கொத்தக்கூடாது. சூடு படாத அடிமண் மேலே வந்தால் பட்ட பாடெல்லாம் போச்சு.

வெளியிலிருந்து வரும் மண்ணும் எருவும் எனக்கு இன்னொரு கவலை. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளையையும் விவசாய இரசாயனங்களையும் இறக்குமதி செய்வது நிறுத்தப்பட்டது. அந்தத் தடையை நவம்பரில் திரும்பப் பெற்றார்கள். இடைப்பட்ட மாதங்களில் கூட்டெரு என்ற பெயரில் வந்ததெல்லாம் கூட்டெருவாக இல்லை. பாதி மக்கிய குப்பை, சேர்க்கக்கூடாத செடிகளின் மிச்சம், ஈரமான கோழி எரு. அதே வருடம் சீனாவிலிருந்து ஹிப்போ ஸ்பிரிட் என்ற கப்பலில் சேதனப் பசளை வந்தது. தேசிய தாவரத் தனிமைப்படுத்தல் சேவை மாதிரியைச் சோதித்து, பயிருக்குத் தீங்கான பக்டீரியா இருப்பதாகச் சொல்லிப் பசளையை நாட்டுக்குள் விடவில்லை. அனுப்பிய கம்பனி அதை மறுத்தது. பெரிய சர்ச்சைக்குப் பிறகு இலங்கை 67 இலட்சம் டொலர் கொடுத்துத் தீர்த்தது. அரசியலை விட்டுவிடுவோம். சேதனம் என்று பெயர் இருந்தால் அது சுத்தம் என்று அர்த்தமில்லை, மண் வழியாக வரும் நோய்க்குச் சேதனமும் ஒரு வாகனம் என்பதை நாடு முழுவதும் அந்த வருடம் கேட்டுக்கொண்டது. கூட்டெருக் குவியல் உள்ளே கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறி, புரட்டி, மறுபடி சூடேறி ஆறினால்தான் அது நாற்றுமேடைக்கு ஏறலாம். என் வீட்டுக் குவியலுக்கு வாடிய கத்தரிச் செடி ஒருபோதும் போகாது, எரிக்கத்தான் போகும்.

ட்ரைக்கோடெர்மாவைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். நல்ல பங்கசுதான், மற்றப் பங்கசுகளைச் சுற்றிப் பிடித்துத் தின்னும். ஆறிய கூட்டெருவில் கலந்து சில நாள் பெருகவிட்டு, கன்று வைக்கும் குழியில் போட்டால் நாற்றழுகலிலும் ஸ்க்லரோட்டியத்திலும் பலன் தெரிகிறது. பக்டீரியா வாடலுக்கு அதை ஊற்றி எதிர்பார்ப்பது வீண். பங்கசுக் கொல்லியை ஊற்றிய அதே கையால் அடுத்த நாள் ட்ரைக்கோடெர்மாவை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இரண்டுக்கும் கொடுத்த காசும் மண்ணோடு போகிறது.

வட்டப்புழுவின் கணக்கு பயங்கரமானது. வேர்முடிச்சுக்குள் இருக்கும் ஒரு பெண்புழு நூற்றுக்கணக்கில் முட்டையிடும், எங்கள் சூட்டில் ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை வந்துவிடும். ஒரு கத்தரிப் பயிர் நிலத்தில் நிற்கிற காலத்தில் எத்தனை தலைமுறை என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். துலுக்கச் செவ்வந்தியை ஓரத்தில் நான்கு செடி வைத்தால் புழு ஓடிவிடும் என்ற நம்பிக்கை பரவியிருக்கிறது. செவ்வந்தி வேருக்கு அந்தச் சக்தி உண்மையாகவே உண்டு. ஆனால் அது வேர் படர்ந்த இடத்தில் மட்டும்தான். நிலம் முழுக்க நெருக்கமாக விதைத்து இரண்டு மூன்று மாதம் நிற்கவிட்டால் பலன் உண்டு. ஓரத்துச் செவ்வந்தி அழகுக்கு.

மேட்டு நிலம் மட்டுமே உள்ளவர்களுக்கு நான் மனதார நம்பிக் கொடுப்பது ஒட்டுக்கன்று. காட்டுச் சுண்டைக்கு ரால்ஸ்டோனியாவும் வேர்முடிச்சுப் புழுவும் அவ்வளவாக ஏறாது. சுண்டை வேரின் மேல் கத்தரியை ஒட்டினால் வாடல் நிலத்திலும் நின்று காய்க்கும். சுண்டை விதை முளைக்கத் தாமதமாகும் என்பதால் கத்தரியைவிட மூன்று நான்கு வாரம் முந்தி விதைக்கவேண்டும். தக்காளிக்குச் சுண்டை சரியாக ஒட்டிவராது, அதற்கு வாடலைத் தாங்கும் கத்தரியே வேர். தாய்வானில் தலைமையகம் உள்ள உலக மரக்கறி நிலையம் இஜி203 என்ற கத்தரியை அதற்கென்றே பரிந்துரைத்தது. எங்கள் நாட்டுப் படகொடக் கத்தரிக்கும் வாடலைத் தாங்கும் குணம் உண்டு. ஒட்டிய கன்றுகளை நிழலில், ஈரம் போகாமல் ஒரு வாரம் மூடி வைக்கும் வேலை முழுவதும் என் மனைவியின் பொறுப்பு. அவள் கையில் ஒட்டு தவறுவது அபூர்வம். வாங்கிப் போகிறவர்களிடம் அவள் திரும்பத் திரும்பச் சொல்வது, "ஒட்டின இடம் மண்ணுக்கு மேலயே நிக்கணும் அண்ணே, புதைச்சிறாதீங்க" என்பது. புதைத்தால் மேலே இருக்கிற கத்தரித் தண்டே வேர் விட்டு, பழைய நோய்க்குப் பழைய வழி திறந்துவிடும். ஒட்டுக்கன்று விலை கூடத்தான். பாதி வரிசை செத்துப்போகிற நிலத்தில் அந்த விலை ஒரு விலையே இல்லை என்பது என் தீர்மானம்.

கடைசியாக, யாரும் நோயென்று நினைக்காத ஒன்று: லேண்ட்மாஸ்டர். ஒரே இயந்திரம் ஒரே நாளில் மூன்று நிலம் உழுகிறது. சக்கரத்திலும் கலப்பையிலும் ஒட்டின மண் அடுத்த நிலத்தில் உதிர்கிறது. உழுகிறவர் நல்ல மனிதர், எனக்கு வேண்டியவர். என் நிலத்துக்கு வந்தால் வாசலிலேயே சக்கரத்தைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே எடுப்பார், அதற்கு நான் தண்ணீர் வைத்திருப்பேன். மற்ற இடங்களில் கேட்க வெட்கப்படுகிறார்கள். கேளுங்கள், அவர் கோபிக்கமாட்டார்.

கன்று வாங்க வருகிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன், யாரிடம் வாங்கினாலும் சரி, என்னிடம் வாங்கினாலும் சரி. இலையின் பச்சையைப் பார்த்துக் கன்று எடுக்காதீர்கள். ஒன்றைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். முடிச்சோ மண்ணிறமோ இருந்தால் அந்தப் பாத்தியிலிருந்து ஒன்றும் வேண்டாம். அது எந்த மண்ணில் வளர்ந்தது, அதற்கு முன்பு அங்கே என்ன நின்றது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்கவேண்டாம். உங்கள் தோட்டத்தில் வாடியதை வாய்க்காலில் போடவேண்டாம், கீழே இருப்பவரின் வயல் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. வயல் உள்ளவர்கள் பெரும்போகத்தில் நெல்லை விட்டுவிடாதீர்கள். நெல்லின் விலை குறைந்த வருடத்திலும் அடுத்த போகத்து மரக்கறிக்கு அதைவிடச் சிறந்த மருந்து எங்கள் ஊரில் எந்தக் கடையிலும் இல்லை.